மூணு வாரம் ஆபீஸ், ஒரு வாரம் வகுப்பு: பிரான்ஸ் உயர்கல்வி பற்றிச் சில குறிப்புகள்

சில வருஷம் முன்னாடி ஒரு பிரெஞ்சு கிளையன்ட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பக்கத்து டீமில் இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருத்தன். கோட் ரிவ்யூவில் கறாரான ஆள், ஒரு கமா விட மாட்டான். ஆனால் மூணு வாரம் இருப்பான், நாலாவது வாரம் காணாமல் போய்விடுவான். மெயில் போட்டால் 'அவுட் ஆஃப் ஆபீஸ்' என்று பதில் வரும். லீவு எடுக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று ஒருநாள் மீட்டிங் முடிந்ததும் கேட்டேவிட்டேன்.

"லீவு இல்ல, காலேஜுக்குப் போறேன்" என்றான்.

மாலைநேரப் படிப்பா? இல்லை, முழுநேர இன்ஜினியரிங். அப்போ இன்டர்னா? அதுவும் இல்லை. கையில் மூன்று வருட வேலை ஒப்பந்தம், மாதச் சம்பளம், சம்பளத்தோடு விடுப்பு. ஃபீஸ்? "நான் எதுவும் கட்டுறதில்ல, கட்டச் சொல்லவும் கூடாது" என்றான்.

எனக்கு என் பி.இ. ஞாபகம் வந்தது. எங்களுக்கும் தொழிற்சாலைக்கும் இருந்த ஒரே உறவு இன்பிளான்ட் ட்ரெய்னிங் என்ற பெயரில் பத்து நாள். அதில் பாதி நாள் கேன்டீனில் போனது. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கல்லூரி விழாவில் ஏதோ ஒரு கம்பெனியோடு எம்.ஓ.யூ. கையெழுத்தாகும், ரெண்டு பேர் ஃபைலை மாற்றிக்கொள்கிற போட்டோ பேப்பரில் வரும். அந்த ஃபைலுக்குள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிரான்ஸில் அந்த ஃபைலுக்குள்ளே என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியோடு வாசிக்க ஆரம்பித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இது.

இரண்டு வாசல்

பிரான்ஸில் உயர்கல்விக்கு ரெண்டு வாசல் உண்டு. ஒன்று பல்கலைக்கழகம். பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியா பாஸானால் கொள்கை அளவில் எல்லோருக்கும் திறந்த கதவு. உள்ளூர் மாணவர்களுக்குக் கட்டணம் வருஷத்துக்குச் சில நூறு யூரோ. இளங்கலை மூன்று வருஷம், முதுகலை இரண்டு, முனைவர் பட்டம் மூன்று. நாட்டின் சுமார் 30 லட்சம் மாணவர்களில் பாதிக்கும் மேல் இங்கேதான்.

இன்னொன்று 'கிராண்ட் எகோல்' எனப்படும் உயர்தனிப் பள்ளிகள். பள்ளி என்று பெயர் இருந்தாலும் சமூக மதிப்பில் பல்கலைக்கழகத்துக்கு மேலே. இதில் ஒரு வேடிக்கை: நம்ம ஊரில் பாலிடெக்னிக் என்றால் பி.இ. கிடைக்காதவர்கள் போகும் டிப்ளமோ என்று ஒரு எண்ணம். அங்கே எகோல் பாலிடெக்னிக் என்றால் நாட்டின் உச்சி. வருஷத்துக்குச் சில நூறு பேருக்குத்தான் இடம். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் பள்ளி, பிரெஞ்சு மாணவர்களுக்கு உதவித்தொகை இல்லை, சம்பளமே உண்டு.

ஏன் இப்படி ரெண்டாகப் பிரிந்தது? காரணம் வரலாற்றில் இருக்கிறது. அரசுக்குச் சாலையும் பாலமும் போட ஆள் வேண்டும் என்று 1747-ல் ஒரு பள்ளி, சுரங்கத்துக்கு 1783-ல் ஒன்று. பிறகு புரட்சி வந்தது. 1793-ல் பழைய பல்கலைக்கழகங்களையே கலைத்துவிட்டார்கள். அடுத்த வருஷமே, 1794-ல், பாலிடெக்னிக் வந்தது. ஆசிரியர்களை உருவாக்க எகோல் நோர்மால் வந்தது. கைவினையும் இயந்திரமும் கற்றுக்கொடுக்கத் தேசியத் தொழில்நுட்பக் காப்பகமும் வந்தது. பல்கலைக்கழகங்கள் பழைய பெயரோடு முறையாகத் திரும்பியது 1896-ல். நடுவில் நூறு வருஷம் தனித்தனிப் பீடங்கள்தான். அந்த நூறு வருஷம்தான் ரயிலும் இரும்பும் மின்சாரமும் வந்த நூற்றாண்டு. தொழில்துறை வளர்ந்தபோது அதற்குப் பக்கத்தில் நின்றது பள்ளிகள்.

பாலிடெக்னிக் அரசுக்கு அதிகாரி தயாரித்தது என்றால், தனியார் ஆலைகளுக்கு இன்ஜினியர் தயாரிக்க 1829-ல் எகோல் சான்ட்ரால் தொடங்கப்பட்டது. குஸ்தாவ் ஈஃபல் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் தேறாமல் சேர்ந்தது இங்கேதான். படித்தது வேதியியல், பேர் வாங்கியது இரும்புக் கோபுரத்தில். 1882-ல் பாரிஸ் நகராட்சி தன் தொழில்களுக்காக ஒரு இயற்பியல்-வேதியியல் பள்ளி திறந்தது. ஜெர்மனியிடம் அல்சாஸை இழந்ததில் அங்கிருந்த வேதியியல் தொழிலும் போயிருந்தது, அந்தக் கவலையில் பிறந்த பள்ளி. அதன் கொட்டகை ஒன்றில்தான் 1898-ல் கியூரி தம்பதியர் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தார்கள். ஆக, தொழில் தேவைக்குத் திறந்த இடத்தில் அடிப்படை அறிவியல் நடக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தப் பள்ளிகளுக்குள் நுழையும் வழி 'ப்ரெபா'. பக்கலோரியா முடித்து, உயர்நிலைப்பள்ளி வளாகத்திலேயே ரெண்டு வருஷம் கணக்கும் இயற்பியலுமாகப் பிழிந்து எடுப்பார்கள். வாரா வாரம் கரும்பலகை முன்னால் வாய்மொழித் தேர்வு. பிறகு நாடு தழுவிய போட்டித் தேர்வு. நம்ம ஜே.இ.இ. கோச்சிங் மாதிரிதான், ஆனால் அரசே நடத்தும் கோச்சிங், பெரும்பாலும் இலவசம். இவர்களுக்குள் ஒரு கணக்கு ஜோக் உண்டு. இரண்டாவது வருஷமே தேறியவரை '3/2' என்பார்கள், இன்னொரு வருஷம் உட்கார்ந்து எழுதியவரை '5/2' என்பார்கள். பள்ளியில் சேர்வதற்கு பிரெஞ்சில் 'இன்டிக்ரேட் செய்வது' என்று வழக்கு, பாலிடெக்னிக்கின் செல்லப்பெயர் எக்ஸ். எக்ஸை 1-லிருந்து 2 வரை இன்டிக்ரேட் செய்தால் 3/2, 2-லிருந்து 3 வரை என்றால் 5/2. போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

யார் இன்ஜினியர் என்று யார் சொல்வது?

'பட்டம் பெற்ற இன்ஜினியர்' என்பது பிரான்ஸில் சட்டப் பாதுகாப்புள்ள தகுதிப் பெயர். 1934-ல் வந்த சட்டம் இதற்காக ஒரு ஆணையத்தை அமைத்தது. எந்தப் பள்ளி அந்தப் பட்டம் கொடுக்கலாம் என்று ஆய்வு செய்வது இந்த ஆணையம்தான். இன்று அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் சுமார் 200.

முக்கியமானது ஆணையத்தின் அமைப்பு. 32 உறுப்பினர்கள். 16 பேர் கல்வித் தரப்பு. மீதி 16 பேர் வேலை உலகத் தரப்பு, அதாவது முதலாளிகள் அமைப்புகளும் இன்ஜினியர் சங்கங்கள், தொழிற்சங்கங்களும். கவனியுங்கள், முதலாளி மட்டும் இல்லை, வேலை செய்கிறவனும் அந்த மேசையில் இருக்கிறான்.

நம்ம ஊரிலும் பாடத்திட்டக் குழுவில் 'இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட்' ஒருத்தர் இருப்பார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து டீ குடித்து, 'பைத்தான் சேருங்க' என்று சொல்லிவிட்டுப் போவார். சரிபாதி ஓட்டு இருப்பதும், விருந்தாளியாக வந்து போவதும் ஒன்றாகுமா? மாணவர்கள் பட்டம் பெற மாதக்கணக்கில் கம்பெனியில் பயிற்சி இருந்தே ஆக வேண்டும் என்பது இந்த ஆணையத்தின் நிபந்தனை. அதனால் பள்ளிக்குத் தப்பிக்க வழி இல்லை.

அந்தப் பையனின் சம்பளம் எங்கிருந்து வந்தது?

அப்ரண்டிஸ் என்றால் நமக்கு ஐ.டி.ஐ. முடித்து ரயில்வே ஒர்க்‌ஷாப் போகும் பிம்பம்தான் வரும். பிரான்ஸிலும் ரொம்ப காலம் அப்படித்தான்: பேக்கரி, தச்சு, முடிதிருத்தம். 1925-ல் கம்பெனிகள் மேல் அப்ரண்டிஸ் வரி என்று ஒன்று போட்டார்கள். மொத்தச் சம்பளப் பட்டுவாடாவில் ஒரு சிறு பங்கு, இப்போது பெரும்பகுதி நாட்டில் 0.68 சதவீதம். இதில் ஒரு சின்னப் பகுதியை எந்தப் பள்ளிக்குக் கொடுப்பது என்று கம்பெனியே தேர்வு செய்யலாம். அதனால் வருஷா வருஷம் பள்ளிகள் கம்பெனிகளிடம் போய் 'எங்களுக்குப் போடுங்க' என்று கேட்கும் ஒரு சீசனே உண்டு.

திருப்பம் 1987-ல். அந்த வருஷச் சட்டம் அப்ரண்டிஸ் முறையை இன்ஜினியர் பட்டம் உட்பட எல்லா நிலைக்கும் திறந்தது. 'வேலை பார்த்துக்கொண்டே படித்தவன் முழு இன்ஜினியரா?' என்ற சந்தேகம் அப்போது பலமாக இருந்தது. அதற்கு அவர்கள் கண்ட பதில், பட்டம் ஒன்றே, வழிதான் வேறு என்பது.

நடைமுறை இப்படி. மாணவன் கம்பெனியோடு வேலை ஒப்பந்தம் போடுகிறான், வயது வரம்பு பொதுவாக 29. கம்பெனியில் ஒரு வழிகாட்டி, பள்ளியில் ஒரு வழிகாட்டி. சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்தில் ஒரு பங்கு: 21 முதல் 25 வயதுக்காரனுக்கு முதல் வருஷம் 53 சதவீதம், இரண்டாவது 61, மூன்றாவது 78. படிப்புச் செலவு தொழில்துறை நிதியிலிருந்து பள்ளிக்குப் போகும். அப்ரண்டிஸிடம் கட்டணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

நம்ம ஊரிலும் 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் உண்டு, பட்டதாரி இன்ஜினியருக்கும் அது பொருந்தும். ஆனால் நான் பார்த்தவரை அது படிப்பு முடிந்தபின் வருகிற ஒரு வருஷம். அங்கே படிப்பே அதுதான். கடன் வாங்கிப் படிக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இனி மறுபக்கம். 2018-ல் புது அப்ரண்டிஸ் ஒப்பந்தங்கள் சுமார் 3 லட்சம். 2022-ல் 8 லட்சத்தைத் தாண்டியது. 2018-ல் சட்டத்தை எளிதாக்கியது ஒரு காரணம். கோவிட் காலத்தில், 2020-ல், பெரியவர் ஒருத்தரை அப்ரண்டிஸாக எடுத்தால் கம்பெனிக்கு 8,000 யூரோ என்று அரசு அறிவித்தது இன்னொரு காரணம். வளர்ச்சியில் பெரும்பகுதி உயர்கல்வியில். பெரிய கம்பெனிகளும் அரசுக் காசில் இளம் பட்டதாரிகளை மலிவாக எடுத்துக்கொண்டன என்ற விமர்சனம் எழுந்தது. பிறகு தொகை 6,000 ஆனது. 2025-ல் சிறிய கம்பெனிக்கு 5,000, பெரியதுக்கு 2,000 என்று இறங்கியது. அதே வருஷம் முதல் இளங்கலை நிலையிலும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் கம்பெனி 750 யூரோ கையிலிருந்து கட்ட வேண்டும் என்றும் வைத்தார்கள்.

'தொழில்துறை கல்விக்குச் செலவு செய்கிறது' என்று படிக்கும்போது, அதில் எவ்வளவு தொழில்துறையின் காசு, எவ்வளவு வரி கட்டுகிறவன் காசு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

கம்பெனியில் ஒரு பி.எச்டி.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு: 'சிஃப்ர்'. 1981-லிருந்து நடக்கிறது. ஒரு கம்பெனி தன்னிடம் இருக்கும் ஆராய்ச்சிக் கேள்விக்கு ஒரு பி.எச்டி. மாணவரை மூன்று வருஷம் வேலைக்கு எடுக்கிறது. ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் அவரை வழிநடத்துகிறது. தேசிய ஆராய்ச்சித் தொழில்நுட்பச் சங்கம் என்ற அமைப்பு, அமைச்சகத்தின் சார்பில், கம்பெனிக்கு வருஷத்துக்குச் சுமார் 14,000 யூரோ கொடுக்கிறது. வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் இப்படிச் சேர்கிறார்கள், பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை.

கம்பெனிக்கும் ஆய்வகத்துக்கும் தனி ஒப்பந்தம் வேண்டும். கண்டுபிடித்தால் காப்புரிமை யாருக்கு, எதைக் கட்டுரையாக வெளியிடலாம், எது ரகசியம், மாணவர் எத்தனை நாள் எங்கே இருப்பார் என்று எல்லாம் முதலிலேயே எழுத வேண்டும். இதுதான் நான் தேடிய ஃபைல். இதற்குள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான், அவனுக்குச் சம்பளம் இருக்கிறது, மூன்று வருஷக் கெடு இருக்கிறது, கடைசியில் நீதிபதிகள் மாதிரி ஒரு குழு முன்னால் காப்பாற்ற வேண்டிய ஆய்வேடு இருக்கிறது.

இதற்கு ஏன் அரசு காசு கொடுக்க வேண்டியிருந்தது? பழைய ரெண்டு வாசல் கதைதான். கம்பெனிகளை நடத்துகிறவர்கள் உயர்தனிப் பள்ளிக்காரர்கள். இருபத்துமூன்று வயதில் இன்ஜினியராகி நேரே வேலைக்கு வந்தவர்கள். பி.எச்டி. என்றால் வாத்தியார் வேலைக்குப் படிப்பது என்று நினைத்தார்கள், ஆய்வகம் பல்கலைக்கழகத்தில், முடிவெடுக்கும் நாற்காலி வேறிடத்தில். இந்த இடைவெளியில் போட்ட பாலம் சிஃப்ர். 1983-ல் வந்த ஆராய்ச்சி வரிச்சலுகையும் அப்படித்தான்: ஆராய்ச்சிச் செலவில் 10 கோடி யூரோ வரை 30 சதவீதம் வரியில் கழியும். அரசுக்கு வருஷத்துக்குச் சுமார் 700 கோடி யூரோ செலவாகும் இந்தச் சலுகை, அது இல்லாமலும் நடந்திருக்கும் ஆராய்ச்சிக்கே போகிறதா என்பது அங்கே ஓயாத சண்டை.

உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு உதாரணம்

ஆல்பெர் ஃபெர் பாரிஸுக்குத் தெற்கே ஓர்சே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். காந்தப் பொருளில் மின்சாரம் எப்படி ஓடும் என்பது அவர் கேள்வி. அதைச் சோதிக்க, சில அணுக்கள் தடிமனே உள்ள இரும்பு, குரோமியம் அடுக்குகள் மாற்றி மாற்றி வேண்டும். அப்படி அடுக்கும் இயந்திரமும் கைப்பழக்கமும் இருந்தது பக்கத்தில், தாம்சன்-சி.எஸ்.எஃப். என்ற மின்னணுக் கம்பெனியின் ஆய்வகத்தில். ரெண்டு பக்கமும் சேர்ந்தார்கள். 1988-ல், காந்தப்புலம் வைத்தால் அந்த அடுக்கின் மின்தடை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைவதைப் பார்த்தார்கள். அதே சமயம் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க்கும் இதே விளைவைக் கண்டார். 1997 வாக்கில் ஐ.பி.எம். இதை ஹார்ட் டிஸ்க் படிக்கும் முனையில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாம் ஜி.பி. கணக்கில் டிஸ்க் வாங்க ஆரம்பித்ததற்கு இது ஒரு பெரிய காரணம். 2007-ல் ரெண்டு பேருக்கும் நோபல்.

இதில் ரெண்டு பாடம். ஒன்று, கம்பெனி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது காசைவிடப் பெரிய விஷயம்: இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும். 1995-ல் இந்த நட்பை நிரந்தரக் கூட்டு ஆய்வகமாக்கினார்கள். தேசிய அறிவியல் ஆராய்ச்சி மையமும் கம்பெனியும் (இன்று அதன் பெயர் தாலெஸ்) ஒரே கூரைக்குக் கீழே. இன்று அந்த மையத்துக்குக் கம்பெனிகளோடு இப்படி 200-க்கும் மேற்பட்ட கூட்டு ஆய்வகங்கள். இரண்டாவது பாடம் கசப்பு. காப்புரிமை பதிந்து வருமானம் பார்த்தது ஜெர்மன் தரப்பு, பொருளாக்கியது அமெரிக்கக் கம்பெனி. கண்டுபிடித்த நாட்டுக்குப் புகழ்தான் மிச்சம்.

நம்ம தொழிலிலிருந்தே இன்னொன்று. மெஷின் லேர்னிங் பக்கம் போனவர்கள் 'சைகிட்-லேர்ன்' இம்போர்ட் பண்ணாமல் இருந்திருக்க முடியாது. அது வளர்ந்தது இன்ரியா என்ற பிரெஞ்சுப் பொது ஆய்வு நிறுவனத்தில், 2010 முதல். 2018-ல் அதைப் பயன்படுத்தும் கம்பெனிகள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பாகக் காசு போட்டன. கோட் எல்லோருக்கும் திறந்ததாகவே இருந்தது. யாருக்கும் தனியுரிமை தராத தொழில்துறைக் கூட்டும் உண்டு என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

'வேண்டாம்' என்று சொன்ன மாணவர்கள்

பாலிடெக்னிக் வளாகத்தில் ஒரு ஆராய்ச்சி மையம் கட்ட எண்ணெய் நிறுவனமான டோட்டால் திட்டமிட்டது. பள்ளியின் நிர்வாகக் குழு 2018-ல் ஒப்புதல் கொடுத்தது. டோட்டாலின் தலைவர் அதே பள்ளியில் படித்தவர், அந்தக் குழுவிலும் இருந்தார். மாணவர்களும் பழைய மாணவர்களும் எதிர்த்தார்கள். கம்பெனியோடு சேர்வதே தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் விடுதிக்கும் வகுப்புக்கும் நடுவில், ஆற்றல் பற்றிப் படிக்கும் இடத்தில், ஒரு எண்ணெய்க் கம்பெனியின் கட்டடம் நின்றால் நாங்கள் எதைக் கேள்வி கேட்போம் என்பதுதான் விஷயம். 2022 ஜனவரியில் டோட்டால் அந்த இடத்தைக் கைவிட்டது. அதே வருஷம் ஆக்ரோபாரிடெக் என்ற வேளாண் இன்ஜினியரிங் பள்ளியின் பட்டமளிப்பு மேடையில் சில மாணவர்கள், எங்களைத் தயார் செய்த வேலைகளுக்கு நாங்கள் போக மாட்டோம் என்று அறிவித்தார்கள்.

தொழில்துறையோடு நூறு வருஷமாக ஒட்டி உறவாடும் பள்ளிகளில்தான் இது நடந்தது. உறவு நெருக்கமாக இருந்தால்தான் அதன் எல்லை எங்கே என்ற கேள்வியும் கூர்மையாக வரும் போலிருக்கிறது.

ஃபைலைத் திறந்து பார்க்க நாலு கேள்வி

இதையெல்லாம் படித்தபின், 'எங்களுக்கு இண்டஸ்ட்ரி டை-அப் இருக்கு' என்று எந்தக் கல்லூரி சொன்னாலும், அது பிரான்ஸோ நம்ம ஊரோ, நான் கேட்க நினைப்பது நாலு விஷயம். மாணவனுக்குச் சம்பளம் உண்டா, அதை யார் கொடுக்கிறார்கள்? பாடத்தை முடிவு செய்யும் மேசையில் யாருக்கு ஓட்டு? கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம் என்று முதலிலேயே எழுதியிருக்கிறதா? உள்ளே இருப்பவர்கள் 'வேண்டாம்' என்றால் கேட்க ஆள் உண்டா? முதல் மூன்றுக்குப் பிரான்ஸ் சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் பதில் எழுதி வைத்திருக்கிறது. நாலாவதுக்கு இன்னும் சண்டை போட்டுத்தான் பதில் வாங்குகிறார்கள்.

அந்தப் பையன் படிப்பை முடித்தான். கம்பெனி அவனை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளக் கேட்டது. அவன் மறுத்துவிட்டு, வேறொரு கம்பெனியில் சிஃப்ர் பி.எச்டி. சேர்ந்துவிட்டான். போன முறை பேசியபோது, இப்போதும் வாரத்தில் ரெண்டு நாள் ஆபீஸில் காணாமல் போகிறானாம். இந்தத் தடவை ஆய்வகத்துக்கு.

என் இன்பிளான்ட் ட்ரெய்னிங் சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. பத்து நாளில் நான் என்ன கற்றேன் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.